ஈர்க்கிலால் அளந்த சட்டம்

வஜ்ரம் காய்ச்சினால் வீடு முழுக்க நாறும். அது தெரிந்துதான், போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சு விட்டு வந்ததும், பழைய பால் டப்பாவில் அதைப் போட்டுத் தண்ணீர் விட்டுப் புறவாசலில் மூன்று கல் கூட்டி அடுப்பில் ஏற்றினேன். மாட்டுத் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுக்கிற மரப்பசை அது. உருகத் தொடங்கும்போது வருவதை வாசனை என்று சொல்ல மனம் வராது. லில்லி மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடி வந்தாள்.

“அப்பா, இது எந்தா இப்படி நாறுது? எலி செத்து கெடக்குதா?”

“உனக்க படத்துக்குச் சட்டம் ஒட்டுததுக்காக்கும்,” என்றேன்.

“கடையில வெள்ளப் பசை கிட்டுமே!”

கிட்டும். ஆனால் காலேஜ் முடித்த குரூப் போட்டோவைக் கொண்டுவந்து, கடைச் சட்டம் வேண்டாம், அப்பா கையால் செய்து தர வேண்டும் என்று கேட்டது அவள்தான். எனக்கு அந்த வேலை தெரியும் என்று அவளுக்கு யார் சொன்னார்களோ. இதற்கு முன் என் ஆயுளில் ஒரே ஒரு போட்டோச் சட்டம்தான் செய்திருக்கிறேன். அது சரியாக வரவில்லை. அந்தக் கதையைத்தான் உங்கள் மூன்று பேருக்கும் இந்த நோட்டில் எழுதிவைக்கிறேன். நீங்கள் மலையாளம் மீடியத்தில் படித்தவர்கள், தமிழை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பீர்கள். அதனால் பெரிய எழுத்தாக எழுதுகிறேன். புரியாத இடத்தை அம்மாவிடம் கேளுங்கள். அம்மாவுக்கும் புரியாவிட்டால் அது என் தப்பு.

மரத்தில் வாள் வைப்பதற்கு முன்னால் லில்லியிடம் ஒன்று கேட்டேன். “இந்தப் படத்தில ரெண்டு ஓரத்திலயும் நிக்குதது ஆரு?”

“இந்தப் பக்கம் ஜெயா. அந்தப் பக்கம்...” அவள் படத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். “வேற பேட்ச் பிள்ள. பேரு ஓர்மையில்ல. அதெதுக்கு அப்பாக்கு?”

“கேட்டுட்டு வா. பெறகு சட்டம் செய்யலாம்.”

அப்பனுக்கு வயசாகிவிட்டது என்று நினைத்திருப்பாள். நினைக்கட்டும்.

நான் படித்த ஹைஸ்கூலில் ஒரு பழக்கம் இருந்தது. ஆறாவது பாரம், அதாவது இப்போதைய பத்தாம் வகுப்பு, முடித்துப் போகிறவர்கள் தங்கள் குரூப் போட்டோவைப் பள்ளிக்கூடத்துக்கு ஞாபகமாகக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். போட்டோவை நெய்யாற்றின்கரைக்காரர் வந்து எடுப்பார். சட்டத்தை மட்டும் அந்த வகுப்புப் பிள்ளைகளே செய்ய வேண்டும். கடையில் செய்தால் ஹெட்மாஸ்டர் வாங்க மாட்டார். மிஷன் துரைமார் காலத்திலிருந்து வந்த வழக்கம் என்று சொல்வார்கள். அதனால் அவருடைய அறைச் சுவரில் வருடத்துக்கு ஒன்றாகக் கோணல் சட்டங்கள் தொங்கிக்கொண்டிருந்தன. ஒன்று காற்றடித்துச் சாய்ந்த கதவு போல இருக்கும். ஒன்றில் பூவாரிலிருந்து பொறுக்கி வந்த சிப்பி ஒட்டியிருந்து, பாதி உதிர்ந்து, மீதி வெற்றிலைக் காவிப் பல் மாதிரி தெரியும். ஒரு வருடத்துக்காரர்கள் உடைந்த சிலேட்டுகளின் மரச் சட்டங்களைச் சேர்த்து ஒட்டியே பெரிய சட்டம் செய்துவிட்டார்கள். அதில் யாரோ எப்போதோ கத்தியால் கீறிய பெயர்களும் அப்படியே இருந்தன. எனக்குப் பிடித்தது அதுதான்.

எங்கள் வகுப்பு இரண்டு டிவிஷன். தமிழில் படிக்கிற நாங்கள் பதினொரு பேர். மலையாளத்தில் படிக்கிறவர்கள் இருபத்துமூன்று பேர். நடுவே சுவர் கிடையாது, மூங்கில் தட்டிதான். அங்கே செய்யுள் சொல்லிக்கொடுத்தால் இங்கே எங்களுக்கும் பாடமாகிவிடும். மலையாளம் டிவிஷன் பாஸ்கரன் எங்கள் தமிழ்ச் செய்யுளை என்னைவிட நன்றாக ஒப்பிப்பான். கொல்லயில் ஊர்க்காரன், ஒல்லி, நெடுநெடுவென்று இருப்பான்.

அது எல்லைக் கிளர்ச்சி நடந்த சமயம். தமிழ் பேசுகிற தெற்குத் தாலுகாக்களைத் திருவிதாங்கூரிலிருந்து பிரித்து மதராஸ் மாநிலத்தோடு சேர்க்க வேண்டும் என்று கூட்டமும் ஊர்வலமும் நடந்துகொண்டிருந்தன. பாறசாலைக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் ஊர் எந்தப் பக்கம் போகும் என்று யாருக்கும் தெரியாது. வீட்டில் தமிழும் சந்தையில் மலையாளமும் பேசுகிற ஊர் அது. கோபம் வந்தால் மட்டும் எந்தப் பாஷை முந்துகிறதோ அதுதான். ஆனாலும் தட்டிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அந்த வருடம் கொஞ்சம் பேச்சுக் குறைந்தது உண்மை. போட்டோ எடுத்த அன்றும் அவரவர் வகுப்பிலிருந்து வந்த வரிசையிலேயே நின்றோம். தமிழ்ப் பிள்ளைகள் இடது பக்கம், மலையாளம் வலது பக்கம், நடுவில் நாற்காலியில் ஹெட்மாஸ்டர். நான் மட்டும் முண்டியடித்துக்கொண்டு போய் ஹெட்மாஸ்டருக்கு நேர் பின்னால் நின்றேன். படத்துக்கு நடுவில் நிற்பவன்தான் முக்கியமானவன் என்று எனக்கு ஒரு நினைப்பு. சட்டம் செய்கிற பொறுப்பையும் அப்படித்தான், யாரும் கேட்பதற்கு முன்னால் கையைத் தூக்கி, வாங்கிக்கொண்டேன்.

செல்லையன் கடைசியில் ஓடி வந்தான். அவன் என் கூட்டுக்காரன், தமிழ் டிவிஷன். அப்பா இல்லை. அம்மை பனச்சமூடு சந்தைக்கு மரச்சீனிக் கிழங்கு சுமந்துகொண்டு போய் விற்பாள். அம்மை வயதுப் பெண்களை எங்கள் ஊரில் மாமி என்று கூப்பிடுவோம், எனக்கும் அவள் மாமிதான். அன்று அவளுக்குக் கால் சுளுக்கிக்கொண்டதால் காலையிலேயே இவன் சுமடு எடுத்துக்கொண்டு போய் இறக்கிவிட்டு, அவ்வளவு தூரத்தையும் ஓட்டமும் நடையுமாக வந்திருக்கிறான். போட்டோக்காரர் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டாயிற்று. “நில்லுங்கலே, நானும் உண்டு!” என்று கத்திக்கொண்டே வந்தவன் இடது கோடியில் நின்று, பக்கத்துப் பையன் தோளில் கையைப் போட்டான். வலது கோடியில் பாஸ்கரன். நடுவில் நின்றால் பின்னாலிருப்பவர்களை மறைப்பான் என்று அவனை அங்கே தள்ளியிருந்தார்கள்.

சட்டத்துக்கு மரம் சர்ச்சிலிருந்து கிடைத்தது. கால் ஒடிந்த பெஞ்சு ஒன்றின் சாய்வுப் பலகை, அயினி மரம். எத்தனையோ வருடப் பிரசங்கங்களுக்கு எத்தனையோ முதுகுகள் உரசி, இழைப்புளி வைக்கத் தேவையில்லாமல் வழவழவென்று இருந்தது. அதன் இடுக்குகளில் மூட்டைப்பூச்சிகளும் இருந்தன. அவையும் சபையார்தான்.

இனிமேல்தான் நான் கெடுத்த இடம். போட்டோ நெய்யாற்றின்கரையிலிருந்து கெட்டியான சாம்பல் அட்டையில் ஒட்டி வந்தது. சுற்றிலும் மூன்று விரல் அகலத்துக்கு வெறும் அட்டை, அடியில் எல்லாருடைய பெயரும், தமிழ்க்காரர் பெயர் தமிழிலும் மற்றவர் பெயர் மலையாளத்திலும். ஒரே ஒரு பிரதி. ஹெட்மாஸ்டர் அதை மேசையில் வைத்து, அளந்துகொள், கை வைக்காதே என்றார். பள்ளிக்கூடத்தில் இருந்த ஒரே அடிக்கோல் கணக்கு வாத்தியாரின் அலமாரியில். அவர் அன்று வரவில்லை. பியூனின் விளக்குமாற்றிலிருந்து இரண்டு ஈர்க்கில் உருவினேன். ஒன்றை அட்டையின் நீளத்துக்கு ஒடித்தேன், மற்றதைப் படத்தின் நீளத்துக்கு. அகலங்களை அதது மேலேயே நகத்தால் கீறி அடையாளம் செய்தேன். சட்டத்துக்கு அட்டை அளவு மட்டும் போதும். படத்தையும் எதற்கு அளந்தேன் என்றால் பதில் கிடையாது. கெட்டிக்காரத்தனம்.

இரண்டையும் கொண்டுவந்து வீட்டுக் கூரை ஓலையில் செருகிவைத்தேன். மறுநாள் காலையில் பார்த்தால் ஒன்றுதான் இருந்தது. அப்பா கிணற்றங்கரையில் வாய் கொப்பளித்துக்கொண்டிருந்தார்.

“அப்பா, இங்க ரெண்டு ஈர்க்கில் இருந்துதே?”

“ஒண்ண எடுத்துக் கீறி நாக்கு வழிச்சேன்.”

“அய்யோ, அது போட்டோவுக்க அளவாக்கும்!”

“எலே, அதுல எழுதியா இருந்துது? எனக்க நாக்குக்கு அளவு செரியாத்தான் இருந்துது.”

வழித்த ஈர்க்கில் எங்கே போயிற்று என்றால் கோழியைக் கேட்கச் சொன்னார். திரும்ப அளக்கலாம் என்று போனால் ஹெட்மாஸ்டர் போட்டோவைப் பூட்டிவைத்துவிட்டுத் திருவனந்தபுரம் போயிருந்தார். பஸ் ஓடுவதும் நிற்பதுமாக இருந்த நாட்கள். படத்தைச் சுவரில் மாட்டுகிற விழா அன்று காலையில்தான் வருவார் என்றார்கள். நான் வாசலில் உட்கார்ந்து யோசித்தேன். நாக்கு வழிக்கிறவன் குட்டை ஈர்க்கிலைத்தான் எடுப்பான், நீளமானதை எடுக்க மாட்டான். ஆகவே மிச்சமிருப்பது நீளமானது, அட்டை அளவு. இப்படிக் கணக்குப் போட்டேன். அப்பாவிடமே கேட்டிருக்கலாம். நீளமானதை எடுத்தால் நடுவே ஒடித்து மறுநாளைக்கும் வைத்துக்கொள்ளலாம் என்பது அவர் கணக்கு. அந்த வருடப் பரீட்சையில் நான் தோற்றதும் கணக்கில்தான்.

ஐந்து நாள் அந்தச் சட்டத்தோடு கிடந்தேன். மூலைகளைச் சாய்த்து வெட்டக் காகிதத்தைச் சதுரமாக மடித்துக் குறுக்கே இன்னொரு மடிப்பு மடித்து அளவெடுத்தேன். கண்ணாடி உட்காருவதற்கு உள்பக்கம் ஒரு படியை உளியால் வெட்டினேன். வஜ்ரம் காய்ச்சி அம்மையிடம் ஏச்சு வாங்கினேன். கடைசியில் கறையான் வராமலிருக்கக் கொல்லாங்கொட்டைத் தோட்டின் எண்ணெயைப் பூசினேன். முந்திரிக்கொட்டையை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். அந்த எண்ணெய் பட்டால் தோல் பொத்துப்போகும். பத்து விரலிலும் கொப்புளம். சட்டம் மட்டும் கன்னங்கரேலென்று மின்னியது. நாலு மூலையிலும் மயிரிழை இடைவெளி இல்லை. அந்தச் சுவரில் இருந்த எதுவும் அதற்குக் கிட்ட வராது என்று நினைத்துக்கொண்டேன். இப்போதும் அந்த எண்ணத்தில் மாற்றமில்லை. அளவைத் தவிர.

விழா அன்று காலையில் அட்டையை வைத்துப் பார்த்தால் அது சட்டத்துக்குள் இறங்கவில்லை. சுற்றிலும் மூன்று விரல் பெரிது. வெளியே தாய் தகப்பன்மார் வந்துவிட்டார்கள். சுக்குக்காப்பி கொதிக்கிறது. கைத்தொழில் வாத்தியார் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பிளேடை எடுத்து அட்டையைப் படத்தின் ஓரத்தோடு ஒட்ட நறுக்கினார். தமிழ்ப் பெயர்களும் மலையாளப் பெயர்களும் ஒரே துண்டாகக் கீழே விழுந்தன. படம் இப்போது சட்டத்துக்குள் இறங்கியது. ஆனால் கண்ணாடிக்காக நான் வெட்டிய அந்தப் படி ஒரு விரல் அகலம். சுற்றிலும் ஒரு விரல் அகலத்துக்குப் படம் மரத்துக்கு அடியில் போய்விட்டது. மேலே மரக்கிளை போயிற்று, கீழே தரையில் உட்கார்ந்தவர்களின் கால் போயிற்று, அதனால் யாருக்கும் நஷ்டமில்லை. வலது கோடியில் பாஸ்கரன் போனான். இடது கோடியில் செல்லையன் போனான்.

மாமி வெளுத்த நேரியது போர்த்தி, தலையில் எண்ணெய் மினுங்க, சுளுக்கிய காலைச் சாய்த்துச் சாய்த்து வந்திருந்தாள். போட்டோவில் தன் பிள்ளையை அவள் அதுவரை பார்த்ததில்லை. வேறு போட்டோவும் அவனுக்குக் கிடையாது. மாட்டிவைத்த சட்டத்துக்கு முன்னால் நின்று வரிசை வரிசையாகப் பார்த்தாள்.

“எனக்க பிள்ள எங்க மக்கா?”

இடது ஓரத்தில் ஒரு கை மட்டும் தெரிந்தது. முழங்கைக்குக் கீழே, பக்கத்துப் பையன் தோளில் போட்ட கை. அதில் விரல் வைத்தேன்.

“இந்தக் கையாக்கும் மாமி.”

அவள் குனிந்து பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். “ஆமா,” என்றாள். “அவனுக்க கைதான்.” பிறகு நகர்ந்து மற்றவர்களுக்கு இடம் விட்டாள்.

செல்லையன் அப்படி விடவில்லை. “எலே, முப்பத்துநாலு பேரு இருக்க, பலகைக்க அடியில போடுகதுக்கு உனக்கு நான்தானாலே கெடச்சேன்? நடுவில நிக்குத உனக்க மோறைய மறச்சிருந்தா படமாவது நல்லாயிருக்கும்.” பாஸ்கரன் அவன் தோளைத் தட்டினான். “போட்டேடா. நம்மள் ரெண்டும் பலகைக்கு உள்ளிலல்லே? வெயிலும் கொள்ளண்டா, மழையும் கொள்ளண்டா.” அந்த வருடத்தில் தட்டிக்கு இரண்டு பக்கமும் சேர்ந்து சிரித்தது அன்றுதான் என்று ஞாபகம்.

நான் மாமியின் பின்னாலேயே போய்ச் சொன்னேன். “லீவு முடியட்டு மாமி. பிரிச்சு, பெருசா வேற அடிச்சுத் தாறேன். அவனுக்க மொகம் நல்லாத் தெரியும்.”

“செரி மக்கா,” என்றாள்.

லீவு முடிந்தது. செல்லையன் பாஸ், நான் பெயில். மழைக்காலத்தில் கிளர்ச்சி முற்றியது. மார்த்தாண்டம் பக்கம் துப்பாக்கிச் சூடு நடந்து ஆட்கள் செத்தார்கள் என்ற செய்தி வந்தபோது எங்கள் ஊரில் கடைகள் தானாக அடைத்தன. அதற்குக் கொஞ்சம் முன்னால் நடந்த ஒரு மறியலில் செல்லையன், நிறுத்திய பஸ்ஸின் மேலே ஏறிக் கொடி கட்டியிருக்கிறான். யாரோ பெயரைக் கொடுத்துவிட்டார்கள். ஆனால் செல்லையன் என்று கூப்பிட்டால் எங்கள் ஊரில் ஆறு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். போலீசுக்குப் பெயர் தெரியும், முகம் தெரியாது. அவர்களில் இரண்டு செல்லையன்மார் வீணாக அடி வாங்கி வந்தார்கள். அகப்பட்டவர்களை ஸ்டேஷனில் என்ன செய்கிறார்கள் என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

மாமி ஒருநாள் காலையில் கிழங்குக் கடவப் பெட்டியோடு எங்கள் வாசலில் வந்து நின்றாள். “மக்கா, அவன் எங்கயாவது போயிருவான் போல இருக்குது. பெறகு எப்பம் பாப்பேனோ. நீ அந்தப் படத்தப் பிரிச்சு அவனுக்க மொகத்தக் காணிச்சுத் தா.”

உளியை எடுத்துக்கொண்டு அவளோடு பள்ளிக்கூடத்துக்குப் போனேன். ஹெட்மாஸ்டர் மறுப்புச் சொல்லவில்லை. மாமி வராந்தாவில் கடவத்தை இறக்கிவைத்து உட்கார்ந்தாள். சட்டத்தை மேசையில் கவிழ்த்து முதல் ஆணிக்கு அடியில் உளியைக் கொடுத்தேன். அப்போதுதான் பியூன் குஞ்சன் வாசலில் வந்து, “ஏமான்மார் வருது,” என்றார்.

இன்ஸ்பெக்டரும் இரண்டு போலீஸ்காரர்களும். வராந்தாவில் மாமியைப் பார்த்து, யார் நீ என்று கேட்டது உள்ளே எனக்குக் கேட்டது.

“கெழங்கு விக்க வந்தேன் ஏமானே. நல்ல மாவுக் கெழங்காக்கும், வேணுமா?”

அவர் வேண்டாமென்று உள்ளே வந்தார். செல்லையன் என்கிற பையனின் வகுப்புப் போட்டோ வேண்டும் என்றார். போட்டோக்காரரிடம் போனாராம், அவர் பிளேட்டைக் கழுவி ஏதோ கல்யாணத்துக்கு எடுத்துவிட்டாராம். ஹெட்மாஸ்டர் பொய் சொல்லி யாரும் கேட்டதில்லை. கொஞ்சநேரம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். பிறகு மேசையில் இருந்த சட்டத்தை அவரே நிமிர்த்திக் கொடுத்தார்.

“பேரொன்னும் இல்லல்லோ?” என்றார் இன்ஸ்பெக்டர்.

“அட்டை பெரிசாப் போச்சு. நறுக்க வேண்டி வந்தது,” என்றார் ஹெட்மாஸ்டர்.

“செல்லையன் ஏதா?”

“இதில் அவன் தெரியவில்லை.” அது உண்மைதான்.

இன்ஸ்பெக்டர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். என் முகத்தில் கொஞ்சம் நின்று என்னைப் பார்த்தார், உளியைப் பார்த்தார். கண்ணாடி ஆடுகிறது, இறுக்க வந்தேன் என்றேன். அவர் விரல் இடது ஓரத்துக்குப் போயிற்று.

“இவிடெ ஒரு கை உண்டல்லோ. இது ஆருடெ?”

நான் வாய் திறப்பதற்குள் வாசலிலிருந்து குஞ்சன் சொன்னார், “என்டெ கையா ஏமானே. பிள்ளேரெ ஒதுக்கி நிர்த்தியது ஞானா.” சொல்லிவிட்டு நிரூபணமாகக் கையையும் நீட்டினார். அறுபது வயதுக் கை, மணி அடித்துக் காய்ப்புக் காய்த்தது. இன்ஸ்பெக்டர் அந்தக் கையையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தார். மழை இருட்டிக்கொண்டு வந்தது. சட்டத்தை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டார்கள்.

அவர்கள் படலையைத் தாண்டிய பிறகு மாமி உள்ளே வந்தாள். நான் சட்டத்தைத் திரும்பக் கவிழ்த்து, “இப்பம் பிரிச்சிருவேன் மாமி,” என்றேன்.

“வேண்டாம் மக்கா. பிரிக்காத.”

“ஒரு நிமிசம் போதும். பாத்துட்டு மூடிரலாம்.”

“வேண்டாம். இன்னும் ரெண்டு ஆணி அடி.”

அடித்தேன். இரண்டாவது ஆணி தலை வரை இறங்கும்வரை அவள் நகரவில்லை. அதன்பின் சட்டத்தை வாங்கித் திருப்பி அந்தக் கையை மட்டும் ஒருதரம் பார்த்தாள். கடவத்தைத் தூக்கித் தலையில் வைக்கக் குஞ்சன் கை கொடுத்தார். அன்றைக்கே செல்லையன் ஆரல்வாய்மொழி தாண்டித் திருநெல்வேலிப் பக்கம் போய்விட்டான்.

ஊரில் எல்லாரும் என்னைக் கெட்டிக்காரன் என்றார்கள். போலீஸ் வரும் என்று முன்கூட்டியே தெரிந்து சட்டம் செய்தவன் என்று. நானும் மறுத்துச் சொல்லவில்லை. அப்பா ஒருவர்தான், “ஈர்க்கிலு கிழிச்சவன் நானாக்கும்,” என்று சொல்லிக்கொண்டு திரிந்தார்.

பிறகு எல்லை போட்டார்கள். விளவங்கோடு அந்தப் பக்கம் போயிற்று. நாங்கள் இந்தப் பக்கம் நின்றுவிட்டோம். செல்லையன் அம்பாசமுத்திரத்தில் ஒரு பஞ்சாலையில் வேலைக்குச் சேர்ந்து, இரண்டு வருடம் கழித்து வழக்கெல்லாம் ஓய்ந்தபின் அம்மையைப் பார்க்க வந்தான். கன்னம் உப்பி, மீசை வைத்து, பாஷைகூட மாறியிருந்தது. அவன் திரும்பிப் போனபிறகு மாமி என்னிடம் சொன்னாள், “இது அவனுக்க அப்பனுக்க மொகம் மக்கா. நான் பாக்கணும்னு சொன்னது பிள்ள மொகம். இனி அந்தச் சட்டத்தப் பிரிக்கலாமே?”

பிரிக்கலாம்தான். யாரும் தடுக்கவில்லை. எனக்குப் பாலராமபுரத்தில் துணிக்கடையில் வேலை கிடைத்திருந்தது. ஆறு நாள் கடை, ஞாயிறு சர்ச்சு, பிறகு கல்யாணம், ராபி பிறந்தான். பஸ் ஏறுகிற இடத்தில் மாமி சுமடோடு நிற்பாள். “மக்கா, சட்டம்?” என்பாள். “அடுத்த ஞாயிறு மாமி,” என்பேன். எத்தனை ஞாயிறு என்று எண்ணவில்லை. பின்னால் அவள் கேட்பதை விட்டுவிட்டாள், என்னைப் பார்த்தால் சிரிப்பாள், அவ்வளவுதான். அவள் செத்த அன்று நான் கடையில் துணி கிழித்துக்கொண்டிருந்தேன். முப்பது வருடம் அங்கே துணி அளந்திருக்கிறேன். ஒரு விரல் கூடக் குறைந்தது என்று யாரும் திரும்பி வந்ததில்லை.

லில்லியின் படத்துக்கு மூலை வெட்டிக்கொண்டிருக்கும்போதுதான் எழுந்து பள்ளிக்கூடத்துக்குப் போனேன். இப்போது அது இரண்டு மாடிக் கான்கிரீட். நாங்கள் படத்துக்கு நின்ற பலாமரம் இல்லை, தட்டி இல்லை. தமிழ் டிவிஷனும் பிள்ளைகள் இல்லாமல் எப்போதோ நின்றுபோயிற்று. சேராத பிள்ளைகளில் நீங்கள் மூன்று பேரும் உண்டு. சேர்க்காதவன் நான். பழைய படங்கள் மாடிப்படிக்கு அடியில் குவிந்து கிடந்தன. சிப்பிச் சட்டம், சிலேட்டுச் சட்டம் எல்லாம் கறையான் தின்று மண்ணாகியிருந்தது. என்னுடையது மட்டும் கறுப்பு மாறாமல் நாலு மூலையும் விடாமல் இருந்தது. ஆபீசில் இருந்த பெண்ணிடம் கேட்டேன். “கொண்டு போய்க்கோளு அப்பூப்பா, இதொக்கெ களயான் வெச்சதா,” என்றாள். தூக்கி எறிய வைத்திருந்தவையாம்.

வீட்டுக்கு வந்து பிரித்தேன். கடைசியாக அடித்த இரண்டு ஆணியும் துருவேறி வர மறுத்தன. ஒன்றை ஒடித்துத்தான் எடுத்தேன்.

அத்தனை வருட வெளிச்சம் கண்ணாடி வழியாகப் புகுந்து படத்தை வெளுக்க வைத்திருந்தது. ஹெட்மாஸ்டரின் கோட்டு மட்டும் வெள்ளைக் குமிழாகத் தெரிகிறது. மற்றவர்கள் ஆளிருந்த தடம் மட்டும்தான். ஆனால் மரத்துக்கு அடியில் இருந்த ஒரு விரல் அகலம் நேற்று எடுத்த மாதிரி இருக்கிறது. வலது பக்கம் பாஸ்கரன், சிரிப்பை அடக்கிக்கொண்டு. இடது பக்கம் செல்லையன். வாய் பாதி திறந்திருக்கிறது. நெற்றி வேர்வை, சட்டைத் தோளில் கிழங்குக் கடவத்து மண். மேல்பொத்தானை மட்டும் வேறு நிற நூலில் தைத்திருப்பதுகூடத் தெரிகிறது.

செல்லையனுக்குக் கடிதம் போட்டேன், படத்தை அனுப்பட்டுமா என்று. கார்டு வந்தது. ‘இங்கே அந்தப் பையனைத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை. அம்மை இருந்தால் கேட்டிருப்பாள். நீயே வைத்துக்கொள்.’

லில்லி முன்னாலேயே விசாரித்து வந்துவிட்டாள். அவள் படத்தில் ஓரத்தில் நிற்கிற பெண்ணின் பெயர் விலாசினி. இரண்டு விரல் வெள்ளை அட்டை விட்டுச் சட்டம் அடித்திருக்கிறேன், அளவு நாடாவால் மூன்று தடவை அளந்து. லில்லி அதைச் சுவரில் மாட்டிவிட்டு, என் பழைய படத்தை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் வைத்துக்கொண்டு கேட்டாள்.

“இதில அப்பா எங்க?”

ஹெட்மாஸ்டருக்குப் பின்னால், முண்டியடித்துப் பிடித்த இடத்தில் விரலை வைத்தேன். அங்கே மஞ்சளாக ஒரு திட்டு இருந்தது.

“இங்கயாக்கும்.”

அவள் குனிந்து பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

“ஆமா,” என்றாள். “அப்பாக்க நிப்புதான்.”